கேட்கும்போது சொல்லிவிடுங்கள்

வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் பயிற்சியாளர் ஒரு கேள்வி கேட்பார். வேளச்சேரியாக இருக்கட்டும், அண்ணா நகராக இருக்கட்டும், ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கட்டும், கேள்வி மாறுவதில்லை. "யாருக்காவது உடம்புல ஏதாவது பிரச்சினை இருக்கா?" கம்யூனிட்டி ஹாலில் மேட் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு கையும் உயராது. "அப்ப ஆரம்பிச்சிடலாம்" என்று அவர் பாட்டைப் போட்டுவிடுவார்.

அந்த ஹாலில் ஒரு பெண்ணுக்குப் போன வருஷம்தான் கர்ப்பப்பையை எடுத்திருப்பார்கள். இன்னொருவருக்கு எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே வட்டு பிதுங்கியிருக்கிறது என்று சொல்லும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வீட்டு பீரோவில் இருக்கும். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் இளம்பெண் ஏழு வாரக் கர்ப்பம். கணவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கடைசி வரிசையில் இருக்கிற ரிட்டயரான பெரியவருக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. நான்கு பேரும் வாய் திறக்கவில்லை. நான்கு பேரையும் பயிற்சியாளர் அடுத்த ஒரு மணி நேரம் மற்றவர்களைப் போலவே நடத்தப்போகிறார்.

இந்த வாரம் பிலாட்டீஸ் வகுப்பில் முதன்முதலாகக் கால் வைக்கப்போகிறவர்களே, உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு மௌனமாக இருந்துவிடாதீர்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷம் முன்னதாகப் போங்கள், பயிற்சியாளரைத் தனியாகக் கூப்பிடுங்கள், உடம்பில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்த மேட் வாங்குவது, எந்த லெக்கிங்ஸ் போடுவது என்று ஒரு வாரமாக யோசித்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைத் தள்ளிப்போட முடியாது. பழகியவர்களுக்குத் தங்கள் உடம்பு எந்த அசைவில் மக்கர் செய்யும் என்று தெரியும், அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். புதியவருக்கு அது தெரியாது. அதனால்தான் முதல் வகுப்பைப் பற்றியே இவ்வளவு அவசரமாகப் பேசுகிறேன்.

படுத்துக்கொண்டு செய்வதுதானே, குதிக்க வேண்டாம், எடை தூக்க வேண்டாம், இதில் என்ன வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஹண்ட்ரட் என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். இரண்டு கால்களையும் நீட்டி உயர்த்த வேண்டும். கைகளை உடம்பின் பக்கவாட்டில் மேலும் கீழும் அடித்தபடி ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று, ஆக நூறு. பார்க்கச் சாதுவாகத் தெரியும். செய்கிறவரின் வயிற்றுச் சுவர், கழுத்து, கீழ்முதுகு, இடுப்புத் தளத் தசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சுமை தாங்குகின்றன. அதில் ஏதாவது ஒன்று தையல் போட்ட இடமாகவோ தளர்ந்த இடமாகவோ இருந்தால் அந்த நூறையும் அது தாங்க வேண்டும். இது பல வகுப்புகளில் ஆரம்பத்திலேயே வரும் பயிற்சி. தலையைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, முழங்காலை மடித்து, பாதத்தை ஊன்றியபடி செய்யும் வடிவமும் இதற்கு உண்டு. ஆனால் யாருக்கு அது தேவை என்று பயிற்சியாளர் எப்படி அறிவார், நீங்கள் சொல்லாவிட்டால்?

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், உங்கள் நோயைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது புரியும். ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவும் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸும் ருமாட்டிக் காய்ச்சலும் வாட்டிய பிள்ளை. அந்த நோஞ்சான் உடம்பைத் தேற்றிக்கொள்ள அவர் தேடியலைந்ததுதான் இந்த முறையின் வேர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்ததால், ஜெர்மானியர் என்று அவரை அடைத்துவைத்தார்கள். ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமில் சக கைதிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1920-களில் நியூயார்க் போய், வாழ்க்கைத் துணையான கிளாராவோடு சேர்ந்து எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் பலர் அங்கே தேடி வந்தார்கள்; ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய நடன ஆசிரியர்களின் வட்டத்தில் அந்தக் கூடத்துக்கு அவ்வளவு மதிப்பு. தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கன்ட்ராலஜி. 1945-ல் வந்த அவருடைய புத்தகத்தில் மேட்டில் செய்யும் 34 பயிற்சிகள் இருக்கின்றன.

அந்தக் கூடத்தில் கூட்டமாக நிறுத்தி ஒரே தாளத்தில் எல்லோரையும் ஆட்டுவிக்கவில்லை. வந்தவர் உடம்புக்கு என்ன தேவையோ அது அவருக்கு. பக்கத்தில் இருப்பவருக்கு வேறு. காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் பொறுமையாகக் கையாள்வதில் கிளாராவுக்குத் தனிப் பெயர் இருந்தது. இன்று நம் தெருவில் நடக்கும் குழு வகுப்பு அப்படி இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு மணி நேரத்தை இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிஷம் வரும். தனிப் பயிற்சிக்குக் கட்ட முடியாதவர்களுக்கும் இது கிடைக்கிறது என்பதால் குழு வகுப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மூன்று நிமிஷத்தில் பயிற்சியாளர் உங்களிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லும் கடமை உங்கள் மேல் விழுந்துவிட்டது. ஜோசப்பும் கிளாராவும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்ததை நீங்கள் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொல்ல வேண்டியவற்றில் முதலில் கர்ப்பம். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். கண்ணு பட்டுவிடும் என்பார்கள். கண்ணேறை நம்பாதவர்களுக்கும் ஒரு பயம் உண்டு: கரு தங்காமல் போய்விட்டால், போகிற இடமெல்லாம் விசாரிப்பார்களே, ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளாதே. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் அதை ஒரு சொல்லும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அம்மா, ஊருக்குச் சொல்வது வேறு, உங்கள் உடம்பை ஒரு மணி நேரம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஒருத்தியிடம் சொல்வது வேறு. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் உடற்பயிற்சி நல்லதுதான். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் கர்ப்பிணிகளுக்கும் சொல்லியிருக்கிறது. ஆகவே சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். இரத்தக்கசிவு இருந்தாலோ, முன்பு கரு கலைந்திருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தாலோ, முதலில் உங்கள் டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் மேட்டை விரிக்க வேண்டும். மற்றவர்களுக்கும் கவனம் தேவைதான். நாட்கள் ஏற ஏற மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் இளகும். பழைய எல்லையைத் தாண்டி நீட்ட முடிகிறதே என்று மகிழ்ந்து நீட்டினால் பிறகு இடுப்பு வலிக்கும். நான்காம் மாதத்துக்கு மேல் நெடுநேரம் மல்லாந்து கிடந்தால் கர்ப்பப்பை பின்னால் ஓடும் பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். விஷயம் தெரிந்த பயிற்சியாளர் உங்களை ஒருக்களித்துப் படுக்க வைப்பார், அல்லது உட்கார்ந்து செய்யச் சொல்வார். காரணத்தை அவர் அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது எலும்பு. மாதவிலக்கு நின்ற பெண்கள் எல்லோரும் இந்தப் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். எலும்பு உள்ளுக்குள் மெலிந்து துளைவிழும் ஆஸ்டியோபோரோசிஸ் வலிக்காது. ஒரு எலும்பு முறியும் வரை பலருக்கு அது இருப்பதே தெரியாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதுகெலும்பு மெலிந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு முன்னால் குனிந்து எழும் பயிற்சி. நிமிர்ந்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் புதிதாக முதுகெலும்பு நொறுங்கியது. குனிந்தவர்களில் 89 சதவீதம். குனிந்த பிரிவில் இருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை, சிறிய ஆய்வுதான். ஆனாலும் அன்றிலிருந்து மெலிந்த முதுகெலும்பை வளைத்துச் சுமையேற்றுவதில் மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். பிலாட்டீஸில் முதுகை உருட்டி எழும் ரோல் அப், பந்தாகச் சுருண்டு உருளும் பயிற்சி, கால்களைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் ரோல் ஓவர் எல்லாம் குனியும் வகை. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளும் அதே பிலாட்டீஸில் உண்டு. சரியானதைப் பொறுக்கிக் கொடுத்தால் உங்களுக்கு இந்த வகுப்பு வரம். ஆகவே சின்னதாகத் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்ததா, உயரம் குறைந்து புடவைக் கட்டு தரையில் புரளத் தொடங்கியிருக்கிறதா, ஸ்டீராய்டு மாத்திரை நெடுங்காலம் சாப்பிட்டீர்களா, சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டுச் சேரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அறுபது வயதை ஐம்பத்திரண்டு என்று எழுதிக்கொடுக்காதீர்கள். வயதைக் குறைத்துச் சொன்னால் அந்த வயதுக்கான பயிற்சி கிடைக்கும், எலும்பு உங்கள் உண்மையான வயதில்தான் இருக்கும்.

பிரசவமான பெண்களுக்கு வயிற்றின் நடுக்கோட்டில் தசைகள் விலகியிருக்கும். பலருக்குத் தானாகச் சேர்ந்துவிடும், சிலருக்குச் சேராது. தலையைத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலும் கீழும் வயிறு கூடாரம் போல் கூம்பி எழுந்தால், அந்தப் பயிற்சியை அந்த வடிவில் நீங்கள் செய்யக்கூடாது. தொப்பையைக் குறைக்கத்தானே வந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற ஒவ்வொரு முறையும் விலகிய இடத்தில்தான் அழுத்தம் போய்ச் சேரும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே வர வேண்டும், வந்ததும் தேதியைச் சொல்ல வேண்டும்.

தும்மினால், சிரித்தால், மாடி ஏறினால் சொட்டு மூத்திரம் போகிறது என்பதை நம் பெண்கள் உயிரே போனாலும் சொல்வதில்லை. டாக்டரிடமே சொல்வதில்லை, பிறகு பயிற்சியாளரிடம் எங்கே சொல்வது? நாப்கின் வைத்துக்கொண்டு கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு வந்து, மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கி, இன்னும் கீழ்நோக்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். தாயே, இது பிரசவத்தாலும் வயதாலும் ஏராளமான பெண்களுக்கு வருவது. இடுப்புத் தளத் தசைகளை முறையாகப் பழக்கினால் பெருமளவு குறைவது. கேட்பவர் பெண்ணாக இருந்தால் அவருக்குப் புரியும். ஆணாக இருந்து உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் பெண் நடத்தும் வகுப்புக்கு மாறுங்கள். முயற்சியின்போது மூச்சை விட வேண்டும், அடக்கக்கூடாது என்ற ஒரு திருத்தமே உங்களுக்குப் பெரிய மாற்றத்தைத் தரும்.

ஆண்களே, நீங்களும் கேளுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், இருதய டாக்டரின் சம்மதம் இல்லாமல் எந்த வகுப்பிலும் சேரக்கூடாது. கண்ணில் அழுத்தம் கூடும் க்ளாக்கோமா உள்ளவர்கள் தலை கீழாகவும் இடுப்பு மேலாகவும் போகும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கண்ணுக்கும் வயிற்றுப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறவர்கள் இவர்கள்தான். இன்சுலின் போடுகிறவர்கள் கையருகில் இனிப்பு வைத்துக்கொண்டு, அது எந்தப் பையில் இருக்கிறது என்று பயிற்சியாளரிடம் காட்டிவிட்டு உட்காருங்கள்.

இவ்வளவும் சொல்வதால் பிலாட்டீஸ் ஆபத்தானது என்று ஒதுங்கிவிடாதீர்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இது எவ்வளவு உதவுகிறது என்று 10 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 510 பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் அறிக்கை கொடுத்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இது வலியையும் முடக்கத்தையும் குறைக்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அளவுக்கு நம்புங்கள். முதுகு வலிக்கு இது ஒன்றே மருந்து என்று வகுப்புக்காரர் விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். உங்கள் எம்.ஆர்.ஐ.யைப் படித்துப் பலன் சொல்லும்படி பயிற்சியாளரைக் கேட்கவும் கூடாது, அவர் டாக்டர் இல்லை.

நீங்கள் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருப்பதைப் போலவே, அவரிடமிருந்து உண்மையைக் கேட்கவும் உரிமை உள்ளவர்கள். 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் பிலாட்டீஸ் என்பது தனியாருக்குச் சொந்தமான வணிகப் பெயர் இல்லை, ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்று தீர்ப்பளித்தது. பலருக்கும் இந்தப் பயிற்சி எட்டியதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். பலகையில் எழுதியிருக்கும் பெயர் எதையும் உறுதிசெய்யாது என்பதும் அதிலேயே இருக்கிறது. எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் பயின்றீர்கள், மேட் பயிற்சி மட்டுமா, ரிஃபார்மர் போன்ற கருவிகளும் தெரியுமா, என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். அமெரிக்காவில் தேசியச் சான்றிதழ்த் தேர்வுக்கு உட்காரவே 450 மணி நேர முழுப் பயிற்சி கேட்கிறார்கள். வாரக் கடைசியில் இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்தவரை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் முதுகெலும்பை ஒப்படைக்காதீர்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னால், ஒரு வகுப்பு பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பணம் கட்டியாயிற்றே என்ற ஒரே காரணத்துக்காகக் காய்ச்சலோடும் சுளுக்கோடும் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மேட்டில் படுத்த பிறகு கண்ணைப் பக்கத்து மேட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்களைவிடப் பத்து வயது மூத்தவர் காலை அநாயாசமாகத் தூக்குவார். அவர் எத்தனை வருஷமாக வருகிறார், முதல் நாள் என்ன பாடுபட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கு ஈடுகொடுக்க இழுத்த ஒரு இழுப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவர்களை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம். தசை நடுங்கும், வயிறு எரியும், வியர்க்கும். அது வேலை நடப்பதன் அடையாளம், பொறுத்துக்கொள்ளலாம். சுருக்கென்று குத்தினாலோ, காலுக்குள் மின்சாரம் இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, நெஞ்சை அடைத்தாலோ, தலை சுற்றினாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். எண்ணிக்கை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையைத் தூக்கி, "எனக்கு இங்க வலிக்குது" என்று சொல்லுங்கள். யாரும் உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அது அவர்கள் குறை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கொண்டை போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தால் தலை சரியாக உட்காராமல் கழுத்து மடங்கும், பின்னலை உச்சியில் தூக்கிக் கட்டுங்கள். தாலிச் சங்கிலியை டீ-ஷர்ட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், உருளும்போது முகத்தில் வந்து அடிக்கும். துப்பட்டா வேண்டாம். இட்லி சாப்பிட்ட கையோடு வராதீர்கள். தாமதமாக வந்தால் மூச்சுப் பயிற்சியையும் உடம்பைச் சூடேற்றும் பகுதியையும் இழப்பீர்கள். அன்றைக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இனி, பழைய மாணவர்களிடம் பேச வேண்டும். புதியவர் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் நீங்கள். மன்னியுங்கள், ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அடுக்குமாடியில் ஒருத்தி பயிற்சியாளரிடம் மெதுவாகச் சொன்ன விஷயம் மாலைக்குள் லிஃப்ட்டில் பேசப்படுகிறது, ராத்திரிக்குள் அவள் மாமியார் காதுக்குப் போய்ச் சேர்கிறது. "உங்க மருமக முழுகாம இருக்காளாமே, சொல்லவே இல்ல?" என்று கேட்கும் அந்த ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து மட்டுமா விரட்டும்? இன்னொருவருடைய கர்ப்பப்பையையும் கருவையும் தையலையும் பேசுபொருளாக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. காதில் விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். "ரொம்ப வெயிட் போட்டுட்டீங்க போல", "இன்னும் குழந்தை இல்லையா" என்று அக்கறையாகக் கேட்பதாக நினைத்துக் கேட்காதீர்கள். போனைப் பைக்குள் வையுங்கள். வகுப்பில் எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸில் போடும்போது பின்னால் கால் தூக்கிக்கொண்டிருக்கும் பெண் உங்களுக்குச் சம்மதம் கொடுத்தாளா? கொடுக்கவில்லையென்றால் நீங்கள் செய்தது அநியாயம். புதிதாக வந்தவருக்குக் கண்ணாடிக்கு எதிரே, பயிற்சியாளர் பார்வையில் படுகிற இடத்தை விட்டுக்கொடுங்கள். வருஷக்கணக்காக உங்கள் இடம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் அந்த முன்வரிசை அவருக்குத்தான் தேவை.

பயிற்சியாளர்களே, கூட்டத்தின் நடுவே நின்று கேட்கும் கேள்வி கேள்வியாகாது. பதினைந்து பேர் முன்னால் மூலம் இருக்கிறது என்றும், கர்ப்பம் கலைந்து ஒரு மாதமாகிறது என்றும் யார் சொல்வார்கள்? சேரும் நாளிலேயே ஒரு தாளைக் கொடுங்கள், தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். அறுவை சிகிச்சை, மாத்திரை, பிரசவம், கர்ப்பம், எலும்பு முறிவு, தலைசுற்றல் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். நிரப்பியதைப் படியுங்கள், பூட்டி வையுங்கள். தொட்டுத் திருத்தும் முன் "தொடலாமா?" என்று கேளுங்கள், ஒவ்வொரு முறையும். வேண்டாம் என்று சொல்கிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஒருவருக்கு மட்டும் வேறு வடிவம் கொடுக்கும்போது, அதை எல்லோருக்கும் பொதுவான இரண்டாவது வடிவமாக அறிவித்துவிடுங்கள், அப்போது யாருக்காக என்று எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்களால் கையாள முடியாத உடம்பு வந்தால், பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புங்கள், ஒரு மாதக் கட்டணம் போனாலும் பரவாயில்லை.

சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, இதுவரை மறைத்துவிட்டேன், இப்போது போய்ச் சொன்னால் என்ன நினைப்பார் என்று தயங்குகிறவர் இதைப் படிக்கலாம். உங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதால் இனியும் நடக்காது என்று இருந்துவிடாதீர்கள். வகுப்பு வாரா வாரம் கடினமாகிக்கொண்டே போகும். முதல் வாரம் தவிர்த்த ரோல் ஓவர் நான்காம் வாரம் வரும். நேரில் சொல்ல நா எழாவிட்டால் இன்று இரவே அவருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்புங்கள், வகுப்புக் குழுவில் போட்டுவிடாமல் பெயரைச் சரிபார்த்து. என்ன ஆபரேஷன் அல்லது என்ன நோய், எந்த மாதம், டாக்டர் எதைச் செய்யக்கூடாது என்றார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்தப் பயிற்சியில் இதுவரை வலித்தது. ஐந்து வரி போதும். ஆறாவதாக, இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதுங்கள். காலையில் பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், மேட்டை விரிப்பதற்கு முன் நேராக அவரிடம் போய், "நான் அனுப்பினதைப் படிச்சீங்களா?" என்று கேளுங்கள். படித்த பிறகு என்ன மாற்றித் தரப்போகிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு படுங்கள்.